மேருவுக்குத் தெற்கே ஒரு ஞாபகப் பரிசோதனை

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி சாய்நாத்துக்கு, அக்கா சுப்புலக்ஷ்மி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும் என்றுதான் அம்மா ஆரம்பிக்கச் சொல்லிக்கொடுத்தாள். இவ்விடம் க்ஷேமம் கிடையாது. அவ்விட க்ஷேமத்தை டிவியிலேயே பார்த்துவிட்டேன். டில்லி மேடையில் மந்திரிக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாய், கொஞ்சம் பூசினாற்போல்கூட ஆகியிருக்கிறாய். மறதி நோய்க்குத் தேசியக் கொள்கை எழுதிய குழுவில் என் தம்பியும் ஒருவன் என்று மாட வீதி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கீரைக்காரிக்குக்கூட உன்னைத் தெரியும். உன் அத்திம்பேருக்கு மட்டும்தான் தெரியவில்லை. அதற்கு நீ வருத்தப்படக் கூடாது, கட்டின பெண்டாட்டி என்னையே அவருக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக நான் அவருக்குச் சமையல்கார மாமி. "சாத்தமுது பேஷ் மாமி, எங்காத்துக்காரி வந்ததும் உங்களுக்குச் சம்பளம் போட்டுத் தரச் சொல்றேன்" என்கிறார். ஆத்துக்காரி வருகிற வழியாகத் தெரியவில்லை.

நான் உன்னிடம் என்ன கேட்டேன்? சொத்தா, சிபாரிசா? பகலில் நாலு மணி நேரம் இவரை யாராவது பார்த்துக்கொண்டால் நான் தூங்குவேன், அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் ஆபீஸ் பஸ் போயிடும் என்று கதவைப் பிறாண்டுகிறவரோடு இருப்பவளுக்குத் தூக்கம் கடையிலா விற்கிறது? போன வாரம் நாற்காலியில் கொஞ்சம் கண் அசந்தேன், ஆளைக் காணோம். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு கரீமுல்லாதான் தேனாம்பேட்டை சிக்னலில் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். "இன்னா மாமி, பெரியவரு நந்தனம் ஆபீஸுக்கு லேட்டாயிடுச்சின்னு நடுரோட்ல நின்னுக்கினு கீறாரு. இன்னிக்கு ஆபீஸ் லீவுன்னு சொல்லி இட்டாந்தேன்" என்றார். ரிடையர் ஆகிப் பதினெட்டு வருஷமான ஆபீஸ். உங்கள் கொள்கைப்படி அடையாறில் பகல்நேரக் காப்பகம் திறந்தாச்சு, பரிசோதனையில் மதிப்பெண் குறைந்தால் இடம் நிச்சயம் என்று நீதான் போனில் சொன்னாய். இவருக்குக் குறையாமல் வேறு யாருக்குக் குறையும் என்று இன்று காலை நானும் இவரைப் பரிசோதனை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

முகாமில் ஹம்சினி என்று ஒரு டாக்டர் பெண், மரியாதை தெரிந்த குழந்தை. இது என்ன வருஷம் மாமா என்று கேட்டாள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது தொடைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். பூஜையில் உட்காருகிற அதே தோரணை. "விச்வாவஸு நாம ஸம்வத்ஸரே" என்று எடுத்தார் பார். வருஷம், மாசம், கிழமை, தேசம் எல்லாம் சேர்த்து அறுபது வருஷமாகப் பூஜைக்கு முன் சொன்ன சங்கல்பம், விடுமா? என்ன பருவம் என்று கேட்குமுன் வர்ஷ ருதௌ, மாசம் கேட்குமுன் ஸிம்ஹ மாஸே, கிழமைக்கு குரு வாஸர. காலையில் டிவியில் பஞ்சாங்கம் சொல்வதை மட்டும் கப்பென்று பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை முணுமுணுப்பார், காலையில் சாப்பிட்டதுதான் நினைவிருக்காது. எந்த நாடு என்றதற்கு பாரத வர்ஷே, பரத கண்டே, மேரோர் தக்ஷிணே பார்ச்வே என்று முடித்தார். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் போனில் தேடிச் சரிபார்த்தாள். கடைசியில் என்னிடம், "நாம மேரு மலைக்குத் தெற்கதானே மாமி இருக்கோம்?" என்று கேட்டாள். நான் என்னடா சொல்ல, வடக்கே என்று சாதிக்கவா? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர், நிறுத்து என்று சொல்லும் வரை கழித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் யார் என்று மட்டும் உங்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்வி இல்லை. டில்லியில் அத்தனை பேர் அத்தனை டீ குடித்து எழுதினீர்களே, ஒருவருக்கும் தோன்றவில்லையா?

இதோடு விட்டதா? பராமரிப்பவர்களையும் சோதிக்க வேண்டும் என்று ஒரு ஷரத்தாம், அது உன் யோசனையாம், கைத்தட்டல் எல்லாம் கிடைத்ததாம். என்னையும் உட்கார வைத்தாள். ஆப்பிள், மேஜை, நாணயம், மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ, கொஞ்சம் கழித்துக் கேட்பேன் என்றாள். அந்தக் கொஞ்சத்துக்குள் இவர் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கிறார். என் கண் அங்கே, காது அங்கே. மூன்று சொல் என்ன என்று கேட்டபோது "வாசல், செருப்பு, வாட்ச்மேன்" என்று சொல்லிவிட்டேன். தேதி கேட்டாள், அதுவும் போச்சு, தூங்காதவளுக்கு எல்லாம் ஒரே நாள்தானே. மறதி அவருக்கு, எனக்கில்லை என்று மன்றாடினேன். "நோயாளிகள் அப்படித்தான் மறுப்பாங்கன்னு கையேட்டுலயே போட்டிருக்கு மாமி, பயப்படாதீங்கோ" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆக, அரசாங்கப்படி உன் அத்திம்பேர் பத்ரிநாராயணன் பூரண ஞாபகசக்தி உள்ள பராமரிப்பாளர், சுப்புலக்ஷ்மி நோயாளி. ஆராய்ச்சிக்கென்று என் கையில் ரத்தம்கூட எடுத்துக்கொண்டார்கள். நாளைக்கு விஞ்ஞானிகள் அதில் மறதியைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனால் அதற்கும் நீதான் ஜவாபு. திங்கட்கிழமை என்னைக் காப்பகத்துக்கு ஏற்றிப்போக வேன் வருமாம். நான் அங்கே போனால் இங்கே இவரை யார் பார்ப்பது, உங்கள் மந்திரியா? என் பேரை அடித்து இவர் பேரைப் போடச் சொல்லி உடனே உத்தரவு வாங்கி அனுப்பு. இல்லாவிட்டால் தீபாவளிக்கு இந்த வாசப்படி மிதிக்காதே. எனக்கு முடியலைடா சாய்நாத். நிஜமாகவே முடியலை.

சாருலதாவுக்கும் குழந்தைகளுக்கும் ஆசீர்வாதம். இனிமேலாவது கொள்கை எழுதுமுன் ஒரு நாள் இந்த ஆத்தில் இருந்து பார்த்துவிட்டு எழுது.

இப்படிக்கு,
அரசாங்கம் அங்கீகரித்த நோயாளி,
அக்கா சுப்புலக்ஷ்மி

பி.கு.: தபாலில் சேர்க்க நேரம் கிடைக்கவில்லை, இன்று செவ்வாய். நேற்று வேன் வந்தது. பராமரிப்பாளரும் கூட வரலாம் என்றார்கள், சண்டை போட்டுவிட்டு வரலாம் என்று இவரோடு ஏறினேன். அங்கே போனதும் "பராமரிப்பாளர்" என்று எழுதிய அட்டையை இவர் கழுத்தில் மாட்டினார்கள். ஆபீஸ் அட்டை மாட்டிய பழைய மனுஷராக அப்படியே நிமிர்ந்துவிட்டார். "மாமி, நீங்க படுத்துக்கோங்கோ, நான் பாத்துக்கறேன்" என்று எனக்கே தலைகாணி போட்டார். டியூட்டியில் இருப்பவர் எங்கே ஓடுவார்? நான் தூங்கினேன் சாய்நாத், மத்தியானம் வரை தூங்கினேன். விழிப்பு வந்து அரைக்கண்ணால் பார்த்தபோது என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார். நர்ஸ் பெண் ஏதோ சொல்ல வந்தாள். "சத்தம் போடாதேம்மா, எங்காத்துக்காரியும் இப்படித்தான், ஒருக்களிச்சுண்டு தூங்குவா, எழுப்பினா கோபம் வரும்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆகையால் மேலே எழுதினது எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். உத்தரவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உன் கொள்கையில் ஒரு எழுத்தை மாற்றினாயோ, தெரியும் சேதி. தீபாவளிக்குக் குடும்பத்தோடு வா. ஒரே கவலைதான். ஆறு மாதம் கழித்து எனக்கு மறுபரிசோதனையாம், அதில் பாஸாகிவிட்டால் இடம் போச்சு. ஆப்பிள், மேஜை, நாணயம். பாழாய்ப்போன மூன்றும் இப்போது மறக்கவே மாட்டேன் என்கிறது.