ஹொசள்ளிப் பருத்தியும் பன்னிரண்டு புழுவும்

எங்க வீட்டுக்காரர் ரெமிஜியஸ் ஒரு நாள் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் கேட்கச் சபதம் எடுத்தார். "பென்ஷன் வாங்குற வரைக்கும் ஒரு புழுவைக்கூடத் தொடமாட்டேன். எந்தப் பட்டிக்காட்டிலும் கால் வைக்கமாட்டேன்."

சபதத்தில் தப்பில்லை. ஆனால் சர்க்கார் அவரைக் குமாஸ்தாவாகப் போட்டிருந்ததே பருத்திப் பூச்சி ஒழிப்பு மானியப் பிரிவில்தான்.

வேலை இதுதான். பருத்தியில் புழு விழுந்தால் ஊர்க்காரர்கள் இருபது காயைப் பறித்துப் பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். குமாஸ்தா காயைப் பிளந்து புழுவை எண்ண வேண்டும். பத்துக்கு மேல் இருந்தால் மருந்துக்கும் தெளிக்கிற பம்புக்கும் பாதிப் பணம் சர்க்கார் தரும். குறைந்தால் ஃபைலைக் கட்டி வைத்துவிடலாம்.

இவர் கைக்கு வந்த ஊரிலெல்லாம் இரண்டே புழுதான் இருந்தது. என்ன ராசியான கை என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹொசள்ளியிலிருந்து லட்சுமம்மா என்று ஒரு அம்மாள் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆபீஸ் அரை நாளோடு மூடிவிட்டதாம். இவர் பையைக் கையால் வாங்கவில்லை. குடையை நீட்டி, அதன் வளைந்த பிடியில் மாட்டி வாங்கினார்.

"தும்பா ஹுளா சாமி," என்றாள் அவள். கன்னடத்தில் ஏகப்பட்ட புழு என்று அர்த்தம்.

"எல்லாம் ரூல்படி நடக்கும்மா. போயிட்டு வா."

அவள் போகவில்லை. என்னைப் பார்த்தாள். வெளி ஆட்கள் முன்னால் வர எனக்குக் கூச்சம். குழந்தை நோராவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரமாக நின்றே தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். குடித்துவிட்டு அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "போன வருஷம் பஞ்சு எல்லாம் புழுவே தின்னுடுச்சு தாயி. பருத்தி போடற ஊருல, பிள்ளைக்கு ஒரு தலைகாணி அடைக்கப் பஞ்சில்லே. இந்த வருஷமும் போனா ஊரே காலி."

அவள் தெருவைத் தாண்டுவதற்குள் இவர் ரிப்போர்ட் காகிதத்தை எடுத்து மையால் எழுதிவிட்டார்.

"என்னாங்க, பையைப் பிரிக்கவே இல்லையே?"

"பிரிக்காமலே தெரியும். ரெண்டு."

"எப்படிங்க?"

"அனுபவம்டி! ஒன்பது வருஷ சர்வீஸ்!"

"உள்ளே நிறைய நெளியுதுங்களே."

"அந்த ரெண்டும்தான் மாத்தி மாத்தி நெளியுது."

"எண்ணிட்டு எழுதுங்களேன். நான் வேணா பிளந்து தரேன்."

"பத்துக்கு மேலே போனா என்ன ஆகும் தெரியுமா? வயல்ல போய் நான் சரி பார்க்கணும். கேம்ப்! புழுவோட குடித்தனம்! அஞ்சாங்கிளாஸ் படிச்ச நீ எனக்கு எண்ணச் சொல்லித் தரியா?"

எனக்கு எதிர்த்துப் பேச வராது. பிடிவாதம் வரும்.

மறுநாள் கோயில் பூசை முடிந்து வந்து, ஆட்டுக்கறிக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு அவர் படுத்தார். அவர் குறட்டை கேட்டதும் நோராவைத் தொட்டிலில் போட்டேன். பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். கத்தி முனையால் இருபது காயையும் பிளந்தேன். உள்ளே ரோஜா நிறத்தில் கொழுகொழுவென்று புழு. குழந்தை வளர்க்கிறவளுக்கு இதிலெல்லாம் என்ன அருவருப்பு? ஒவ்வொன்றாக ஜாம் பாட்டிலில் எடுத்துப் போட்டேன். மொத்தம் பன்னிரண்டு. பாட்டில் வாயை மெல்லிய துணியால் கட்டினேன்.

பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அவர் போட்ட 2 தனியாக நின்றது. அதே பேனாவை எடுத்து, முன்னால் ஒரே ஒரு கோடு போட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

சாயந்தரம் வாசலில் ஜீப் வந்து நின்றது. அவருடைய ஆபீசர் சீனிவாசராகவன் இறங்கினார். பின்னால் இவர், மழையில் நனைந்த கோழி மாதிரி.

"மிஸ்டர் ரெமிஜியஸ், இந்த செக்‌ஷன்ல எல்லாரும் ரெண்டு ரெண்டுன்னே எழுதறேள். நீங்க ஒருத்தர்தான் பன்னிரண்டு எழுதியிருக்கேள். அந்தப் புழுவை நான் பார்க்கணும்."

"சார்... அது... வீட்ல பெருக்கும்போது குப்பையில..."

"குப்பையிலா? அப்போ எந்த ஆதாரத்துல எழுதினேள்? சர்க்கார் பணம் ஐயா! பொய் ரிப்போர்ட்டுன்னா சஸ்பென்ஷன், தெரியுமோல்லியோ?"

நான் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் வெளியே நீட்டினேன். கையில் பாட்டில்.

ஆபீசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணினார். "...பதினொண்ணு, பன்னிரண்டு! பேஷ்! நீங்களே பிளந்து எடுத்தேளா?"

இவர் பாட்டிலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இல்லை என்றால் வேலை போய்விடும். ஆமாம் என்றால் சபதம் போய்விடும்.

"ஆ... ஆமா சார்."

"கையாலேயேவா?"

"கை... கையாலதான் சார்."

"இப்படி ஒரு ஆளை நாற்காலியில உட்கார வச்சிருந்தது என் தப்பு! ஹொசள்ளி மானியத்துக்கு இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். மருந்தும் பம்பும் புதன்கிழமை கிளம்பட்டும். நீங்களும் கூடவே போய் வயலைச் சரி பார்த்துடுங்கோ. ரெண்டுன்னு முடிச்ச பழைய ஊரெல்லாம் இருக்கே, அதையும் நீங்களே போய் எண்ணிட்டு வந்துடுங்கோ."

ஜீப் போன பிறகு இவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டி ஜூடித்து, நான் எழுதினதை ஏன்டி அழிச்சே?"

"அழிக்கலைங்க. நீங்க போட்ட ரெண்டு அப்படியேதான் இருக்குது."

புதன்கிழமை காலையில் சர்க்கார் மானியம் ஹொசள்ளிக்குப் போனது. ஜீப்பில் மருந்து டப்பாவுக்கும் பம்புக்கும் நடுவில் இரண்டு காலையும் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு, கூடவே அவரும் போனார்.