ஐந்நூறைத் தாண்டாத வீட்டில் ஒரு பெண் பார்க்கும் படலம்

உலகத்தில் நடக்கும் அநியாயங்களில் பெரும்பாலானவற்றை நாளிதழில் படித்துவிட்டு, அடுத்த காபிக்குப் போய்விடுகிற ஆள் நான். என்னைக் கொதிக்க வைப்பது ஒன்றே ஒன்றுதான்: ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்.

வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் நூறு யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போக விலை ஏறும். அதுகூடப் பரவாயில்லை. மொத்தம் ஐந்நூறைத் தாண்டிவிட்டால், என்றோ சிக்கனமாக மலிவு விலையில் எரித்த யூனிட்டுக்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடுவார்கள். நேற்று தின்ற இட்லிக்கு இன்று விலை கூட்டுவதற்கு என்ன பெயர்? (என் மனைவி, “கத்தாதீங்க, ஃபேன் சத்தத்தவிட ஜாஸ்தியா இருக்கு” என்பாள்.)

அந்த முறை ரீடிங் எடுக்கிறவர் குறித்த நாளில் வரவில்லை. வராதது அவர்; ஏறுவது என் மீட்டர். அந்த நேரம் பார்த்துக் கடலூரிலிருந்து என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், போன் செய்தார்.

“மாப்ள, கயலுக்குக் குறிஞ்சிப்பாடியில ஒரு எடம். கோயிலுக்கு வந்த மாதிரி சிதம்பரத்துலயே பொண்ணு பாத்துட்டுப் போறோம்னு சொல்றாங்க. உன் வூட்டுல வச்சிக்கலாமா? போன எடமெல்லாம் தட்டிக்கினே போவுது. இதாவது அமையணும்.”

கயல்விழி அவர் மகள். “நான் பாத்துக்கறேன் மச்சான்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. அக்னி நட்சத்திரம். காலையிலிருந்தே ஏசி, மூன்று ஃபேன், சமையலறையில் மிக்ஸி. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் நைசாக வெளியே போய் மீட்டரைப் பார்த்தேன். போன ரீடிங்கைக் கழித்தால் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

கொள்கைப் பிடிப்புள்ள எந்த மனிதனும் செய்வதைத்தான் செய்தேன். மெயினை இறக்கினேன்.

“ச்சே, கரண்ட் போயிடுச்சு பாருங்க” என்று உள்ளே வந்து வருத்தப்பட்டேன். (நாடக மேடை ஒரு நல்ல நடிகனை இழந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.)

பத்து நிமிடத்தில் மாப்பிள்ளையின் அப்பா சட்டை முதுகோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். “எதிர் வூட்டுல டிவி ஓடுதே?”

“அவுங்க வேற ஃபேஸுங்க.”

“பக்கத்து வூட்டுலயும் ஃபேன் சுத்துது?”

“அவுங்களும் வேற ஃபேஸு.”

“தெருவே ஒரு ஃபேஸு, நீங்க மட்டும் தனி ஃபேஸா சார்?”

நான் பதில் தயாரிப்பதற்குள் மாப்பிள்ளை எழுந்து, “மெயின் ட்ரிப் ஆயிருக்கும், நான் பாக்கறேன்” என்று வெளியே போய்விட்டார். மாப்பிள்ளைகளுக்கு இவ்வளவு பொறுப்பு கூடாது.

அதே நேரம் சமையலறையில், பாதியில் நின்றுபோன மிக்ஸியின் மூடியைத் திறந்து, சட்னி எவ்வளவு அரைபட்டிருக்கிறது என்று என் மனைவியும் மாப்பிள்ளையின் அம்மாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவிட்சை யாரும் அணைக்கவில்லை.

மின்சாரம் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஹாலுக்கு வந்தபோது அவருடைய பட்டுப்புடவைக்குத் தேங்காய்ச் சட்னியில் புது பார்டர் விழுந்திருந்தது. மூக்கு நுனியில் ஒரு கறிவேப்பிலை.

“மெயின யாரோ கீழ எறக்கி வச்சிருக்காங்க” என்றபடி மாப்பிள்ளை உள்ளே வந்தார்.

“யாரோ என்ன யாரோ,” என்றாள் பின்னால் வந்த என் மனைவி, சட்னியோடு. “ஏங்க, நீங்கதான எறக்குனீங்க?”

ஆமாம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நான் விளக்கினேன். ஐந்நூறு யூனிட்டின் அநியாயத்தை, விரல் நீட்டி, ஆவேசமாக, சட்னி வழியும் ஒரு பெண்மணியிடம்.

அவர் முழுவதையும் கேட்டார். “அப்ப, நாங்க வந்ததாலதான் தாண்டுது?”

“சேச்சே, நீங்க மட்டும் காரணம் இல்லீங்க. ஏசியும் பழசு.”

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கயல்விழி. அடக்கப் பார்த்து, முடியாமல், விக்கி விக்கிச் சிரித்தாள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் அவருடைய அம்மாவே கறிவேப்பிலையை எடுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார்.

“பொண்ணு புடிச்சிருக்கு,” என்றார். “ஆனா கல்யாணத்தன்னிக்கு இவரு கரண்ட் போர்டு பக்கம் போவக்கூடாது.”

(ரீடிங் எடுக்கிறவர் மறுநாள் வந்தார். ஐந்நூற்று ஏழு. யாரிடம் சொல்லி அழ?)

கடலூரில் கல்யாணம். தாலியைக் கையில் எடுத்த நொடியில் மண்டபம் முழுக்க இருண்டது. ஊருக்கே போன கரண்ட். ஆனாலும் மேடையில் இருந்தவர்கள், பந்தியில் இருந்தவர்கள், நாதஸ்வரக்காரர் உட்பட, எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அட்சதையும் கையுமாக நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.

இன்றும் எங்கள் குடும்பத்து விசேஷங்களில் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டினால் போதும், நானாகவே கையைத் தூக்கிவிடுகிறேன்.