பேய்க்காரர் பெண் பார்த்த கதை

திருநெல்வேலிச் சீமையில் கம்ப்யூட்டரை 'ஏலே' என்று கூப்பிட்டுச் சண்டை பிடித்த முதல் ஆள் எங்கள் பேய்க்காரர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் தச்சநல்லூர் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தோம். திரையில் தலைகாட்டாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராமுக்கு 'டீமன்' என்று பெயர். அவர் அதைப் பேய் என்பார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

பிரிண்டர்களைக் கவனிக்க அவரே ஒரு பேய் எழுதியிருந்தார். மாணவர்களின் பழைய பிரிண்டருக்கு ஒன்று, வாடிக்கையாளர்களின் லேசர் பிரிண்டருக்கு ஒன்று என அதையே இரண்டாக ஓடவிட்டார். அச்சடிக்கும் வேலை வந்து சேரும் வாசலுக்கு சாக்கெட் என்று பெயர். பேயைக் கிளப்பும் கட்டளையிலேயே ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் சொல்லிவிடுவார். என்ன சொன்னாலும் இரண்டும் ஒரே பழைய வாசலில் போய் நின்றன. ஒரு பேராசிரியரின் வாழை ஆராய்ச்சிக்கு நடுவே, எவனோ டைப் அடித்துப் பழகிய 'ஹலோ ஹலோ' பக்கம் பக்கமாக வந்தது.

"இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணும். இல்லைன்னா வேற எடம் பாரும்வே" என்றார் முதலாளி.

"ஏலே, அங்கன உக்காருன்னா ஏம்லே இங்கன வந்து உக்காருதே?" என்று திரையிடம் கத்தினார் இவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரலில் பெண் பார்க்கப் போனார். பெற்றோர் இல்லாதவர், துணைக்கு நான்தான்.

"மாப்பிள்ளைக்கு என்ன சோலி?" என்றார் பெண்ணின் அப்பா.

"பேய் மேய்க்கேன்."

அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டார். நான் விளக்குவதற்குள் இவர் முந்திக்கொண்டு, வாசல் கதையை முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

தட்டோடு நின்ற பெண் பையக் கேட்டாள்: "நீங்க சொன்னது அதுக்குக் கேக்கவே இல்லையா? இல்ல, கேட்டுட்டு, பொறவு வேற யாரு பேச்சையாவது கேட்டு மாறிட்டா?"

பேய்க்காரர் அவளையே பார்த்தார். எழுந்தார். செருப்புகூடப் போடாமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

"பொண்ணு பிடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானவே!" என்று அப்பா என்மேல் பாய்ந்தார். செருப்பைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன்.

சென்டருக்கு வந்து பார்த்தால், அவள் இரண்டாவதாகக் கேட்டதுதான் விஷயம். கட்டளையில் சொன்ன வாசலைப் பேய் ஒழுங்காகத்தான் வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் செட்டிங் ஃபைலைப் படித்து, அதிலிருந்த பழைய வாசலுக்கே மாறிவிட்டது. முதலில் ஃபைல், பிறகு கட்டளை என்று வரிசையை மாற்றினார். இரண்டு பிரிண்டரும் அதனதன் வேலையைப் பார்த்தன.

முதலாளிக்குக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலமே மறுபடி ஏரல். அப்பா நடையிலேயே மறித்தார்.

"உள்ள விடுங்கப்பா. என்னாச்சுன்னு நானும் கேக்கணும்லா" என்றது உள்ளேயிருந்து குரல்.

இவர் சொல்லச் சொல்ல, அவள் "ம், பொறவு?" என்றுகொண்டே இருந்தாள். அந்தக் கேள்வியை அதுவரை அவரிடம் யாருமே கேட்டதில்லை. அதைக் கேட்டு அந்த மனிதர் சிரித்த சிரிப்புக்காக, இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் நான் ஏரலுக்குப் பஸ் ஏறுவேன்.