ஒரு நூல் வலப்பக்கம்

வண்டி கிளம்பியது, மேடுதான் ஏறவில்லை. தெருமுனை ஏற்றத்தில் பாதி தூரம் முக்கி முனகிப் போய், அப்படியே பின்னால் உருண்டு வந்து வீட்டு வாசலிலேயே நின்றது.

பின்சீட்டில் மாமியார் மடியில் பையோடு வார இதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் என்று வந்தவர்; இது மூன்றாவது மாதம். பஸ் என்றால் அவருக்குத் தலைசுற்றல், டாக்ஸி என்றால் சந்தேகம். இன்று அவரை மூத்த மகள் வீட்டில் சேர்த்துவிட்டால், சின்ன மாப்பிள்ளை ஹால் சோபாவிலிருந்து விடுதலையாகித் தன் கட்டிலில் கால் நீட்டலாம்.

மூத்த மகளின் கணவரான சகலைக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னான். பழைய வண்டிகளைக் கரைத்துக் குடித்தவர் சகலை.

"மேடு இழுக்கலியா? டைமிங் தப்பியிருக்கு தம்பி. பிளக்குல பொறி விழவேண்டிய நேரத்துல விழல. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை லூஸ் பண்ணி, ஒரு நூல் அளவு வலப்பக்கம் திருப்பு."

திருப்பினான். இன்ஜின் இருமியது. சைலன்சர் டமாரென்று வெடித்ததில், நிழலில் படுத்திருந்த நாய் அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தது.

"அண்ணே, வெடிக்குது!"

"வெடிக்கட்டும். வழிக்கு வருதுன்னு அர்த்தம். இன்னும் ஒரு நூல்."

அந்த ஒரு நூலில் வண்டி குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது. ரேடியேட்டரிலிருந்து ஆவி பறந்தது.

வாசலுக்கு வந்த மனைவி பார்த்தாள். "சுடுதண்ணி நான் கேக்கவே இல்லியே?"

"சும்மா இரு. உங்க அத்தான் சொல்லித்தான் பண்றேன். அவருக்குத் தெரியாததா?" போனுக்குத் திரும்பினான். "அண்ணே, கொதிக்குது."

"அப்படியா? அப்ப பிளக் ஒயரையும் பாத்துடுவோம். ஒண்ணாவதைக் கழட்டி மூணாவதுல போடு. மூணாவதை ஒண்ணுல."

போட்டான். சாவியைத் திருகினான். இன்ஜின் கரகரவென்று சுற்றியதே தவிர, பிடிக்கவே இல்லை.

"சுத்தமா படுத்துடுச்சுண்ணே."

"அடடா..." சகலையின் குரல் துக்கம் விசாரிப்பவர் குரலாகக் கனிந்தது. "இனிமே கையே வைக்காத தம்பி. வேற யாரையும் தொட விடாத. ஒரு மாசம் போகட்டும், நானே நேர்ல வந்து பாக்கறேன். அத்தைய நல்லா கவனிச்சுக்கோ."

போன் அடங்கியது. முகத்தைத் துடைத்ததில் நெற்றி முழுக்கக் கிரீஸ்.

"எத்தனை வேலை இருந்தாலும் நமக்காக நேர்ல வர்றேங்கறாரு. தங்கமான மனுஷன்" என்றான்.

பின்சீட்டில் வார இதழின் ஒரு பக்கம் புரண்டது. மாமியார் தலை நிமிரவில்லை.

"ஒயரைப் பழையபடி மாட்டிட்டு, அவர் சொன்ன ரெண்டு நூலோட இன்னொண்ணும் சேத்து, மூணு நூல் இடப்பக்கம் திருப்புங்க மாப்ளே. நான் போயிடணும்னு உங்களுக்கு இருக்கற அவசரத்தைவிட, நான் வந்துடக் கூடாதுன்னு அவருக்கு இருக்கற அவசரம் ஜாஸ்தி."