துரைராஜ் சாகவில்லை

துரைராஜுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

தோல் கம்பெனியில் மூட்டை தூக்கி வந்த வலி என்றால் பொறுத்துக்கொள்வான். இது பிணமாகப் படுத்து வந்த வலி. ஞாயிற்றுக்கிழமை பூராவும் வண்டலூர் பக்கம் ஒரு பாழுங்கொட்டகையில் அவனை மூங்கில் பாடையில் கிடத்தி, மூக்கில் பஞ்சு வைத்து, முகத்தில் அரை டப்பா பவுடர் கொட்டி, "மூச்சு விடாதீங்கண்ணா, ப்ளீஸ்ணா" என்று கெஞ்சிக் கெஞ்சிப் படம் பிடித்தான் முகிலன். அஸ்தினாபுரத்துப் பையன். கல்லூரியில் விஸ்காம் படிக்கிறான். பேய்ப் படம் எடுக்கப் போகிறானாம். இப்போதைக்கு டிரெய்லர் மட்டும். அதில் துரைராஜ் முதல் பாதியில் பிணம், அடுத்த பாதியில் பேய்.

கூலி பேசவில்லை. மட்டன் பிரியாணி என்று பேச்சு. வந்தது பன்னும் டீயும்.

"பிரியாணி பாக்கிண்ணா. ரிலீஸ் அன்னிக்குக் கண்டிப்பா."

வயிறு காய்ந்ததுகூடப் பெரிதில்லை. மூங்கில்தான் கொன்றது. ஒவ்வொரு 'கட்'டுக்கும் முனகிக்கொண்டு எழுந்தவன், கடைசியில் மூலையில் பழுப்புக் காகிதம் சுற்றிப் பச்சைச் சணலால் கட்டிக் கிடந்த ஒரு கட்டை இழுத்து இடுப்புக்கு அண்டக் கொடுத்துக்கொண்ட பிறகே ஒழுங்காகச் செத்தான். படப்பிடிப்பு முடிந்தும் அதை விடவில்லை. பக்கத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை முழுக்க அதன்மேல் படுத்துக் கிடந்தான். செவ்வாய் காலையில் ஷேர் ஆட்டோவில் அதையே முதுகுக்கு முட்டுக் கொடுத்தபடி பம்மலில் வந்து இறங்கினான்.

எதிர்ச் சுவரில் அவனே இருந்தான்.

கறுப்பு வெள்ளையில் பெரிய முகம், போன வாரமே முகிலன் பவுடர் அப்பி எடுத்த படம். அதன் கீழே 'துரைராஜ்'. அதற்கும் கீழே, தடித்த எழுத்தில் 'காரியம்'. வரும் ஞாயிறு மாலை, அஸ்தினாபுரம் சமூக நலக்கூடம், அவசியம் வாருங்கள். அவ்வளவுதான்.

படத்தின் பெயர் 'காரியம்' என்று முகிலன் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. அவனுக்குச் சொன்னான், சரி. ஊருக்கு யார் சொன்னது?

பாய்ந்து போய்ப் போஸ்டரை ஒரு முனையில் கிழித்தான்.

"யோவ்! செத்தவன் போஸ்டரைக் கிழிக்கிறியே, நீ மன்சனா?" டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் கிளாஸோடு எழுந்து வந்தார்.

"அந்தச் செத்தவன் நான்தான்யா!"

அவர் சுவரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "ஜாடை கீது. தம்பியா?"

"தம்பியும் இல்ல, கிம்பியும் இல்ல. நானே!"

"அவரு நல்ல செகப்பு. நீ இன்னா, கரிமூட்டை மாதிரி கீற?" பெரியவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பங்காளித் தகராறு. செத்தும் வுட மாட்டேன்றானுங்க."

"ஒரே வாரத்துல காரியம் வெக்கிறாங்க பாரு," என்றார் டீக்கடைக்காரர். "பதினாறு நாள் பொறுக்க முடியல. சொத்து கீது போல."

சொத்து! வாடகைக்கு ஓர் அறை, செயின் கழலும் ஒரு சைக்கிள். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வாசலிலேயே மனைவி பச்சையம்மா பிடித்துக்கொண்டாள்.

"நேத்துலேர்ந்து ஆளாளுக்கு வந்து என்னைக் கட்டிப் புடிச்சி அழுவுறாளுங்கய்யா! இன்னான்னு கேட்டா சொல்லாம அழுவுறாளுங்க. அவரு வண்டலூர்ல தங்கச்சி வூட்டுல படுத்துகினு கீறாருன்னு சொன்னேன். 'எப்ப எடுத்துகினு வருவாங்க?'ன்றா ஒருத்தி. எடுத்துகினு இன்னா வர்றது, நாளைக்கு அவரே ஷேர் ஆட்டோல வருவாருன்னேன். 'ஐயோ, பித்து புடிச்சிட்ச்சே'ன்னு இன்னும் சத்தமா வெச்சாளுங்க ஒப்பாரி. வந்தவளுங்களுக்கு டீ போட்டே சக்கரை காலி!"

"தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டிக் கீதே, நீ பாக்கலியா?"

"உன் மூஞ்சியைத் தெனம் பாக்குறது பத்தாதா? சுவத்துல வேற பாக்கணுமா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணுய்யா. கல்யாணம் ஆனதுலேர்ந்து உன்னை நல்லவன்னு ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்ல. நேத்துதான் கேட்டேன்."

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தோல் கம்பெனிக்கு ஓடினான். ஓடினான் என்றால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டினான்.

வாசலில் மாரி. அவனோடு ஜோடி போட்டு மூட்டை தூக்குகிறவன். துரைராஜைக் கண்டதும் அவன் பயப்படவில்லை. கோபப்பட்டான்.

"டேய், இன்னாடா உசுரோட வந்து நிக்கிற?"

"பின்ன எப்டிரா வரணும்?"

"நேத்து உனக்கோசரம் அரை நாள் லீவு வுட்டாங்கடா, சம்பளத்தோட. நீ சாவலைன்னு தெரிஞ்சா புடிச்சிப்பாங்க. சனிக்கெழம வரைக்கும் வூட்டுலயே கெட மச்சான். சம்பளம் வாங்கினதும் நானே வந்து உன்னை எழுப்புறேன்."

அவனைத் தள்ளிவிட்டு சூப்பர்வைசர் தேவானந்தத்தின் முன்னால் போய் நின்றான்.

"துரைராஜ், உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லப்பா," என்றார் தேவானந்தம். "ஆனா உன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு. முதலாளிக்குச் சொல்லியாச்சு. மாலைக்கும் ஆர்டர் குடுத்தாச்சு."

"சார், நான் உங்க எதிர்லயே நிக்கிறேனே சார்!"

"நீ நிக்கிற. நீ போயிட்டன்னு ஊரெல்லாம் போஸ்டரும் நிக்குதே. அது முதல்ல மாறட்டும். அப்புறம் பேசலாம்."

இருபது வருடம். அந்தக் கம்பெனியின் ஈரத்தோலைச் சுமந்து தோள்பட்டை காய்த்தது, நாற்றத்தில் மூக்கு செத்தது. ஆள் செத்தானா, கிடக்கிறானா என்று வீடு வரைக்கும் வந்து பார்க்க ஒருவனுக்கும் கால் வரவில்லை. அவன் இடத்துக்கு ஆள் மட்டும் மறுநாளே வந்துவிட்டது.

ஒரு ரூபாய் போனில் முகிலனைக் கூப்பிட்டான். ஸ்விட்ச் ஆஃப். டிரெய்லரை வெட்டி ஒட்டிக்கொண்டு கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறான் போல.

"நானே மாத்துறேன்டா," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான் துரைராஜ். ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்தான். கிழித்தால்தானே அடிக்க வருகிறார்கள்? எழுதினால் யார் என்ன சொல்வார்கள்? நீளமாக எழுதச் சுண்ணாம்பும் இல்லை, இடுப்பும் இல்லை. போஸ்டர் இருந்த சுவரிலெல்லாம் பக்கத்திலேயே பெரிதாக இரண்டே வார்த்தை எழுதினான்:

துரைராஜ் சாகவில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தான். ஒவ்வொரு போஸ்டருக்கும் மாலை விழுந்திருந்தது. அவன் எழுதியதற்குக் கீழே வேறு யாரோ சிவப்புப் பெயிண்டில் சேர்த்திருந்தார்கள்: 'நம் நெஞ்சில் வாழ்கிறார்'.

டீக்கடைப் பெரியவர் அவனைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். "தப்பா நென்ச்சிக்காதப்பா, நேத்து தெரியாம பேசிட்டேன். உங்க அண்ணன் எந்தக் கட்சி? வெட்டிட்டானுங்களாமே?"

துரைராஜ் கம்பெனிப் பக்கம் நொண்டினான். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது.

கம்பெனியில் கேட்டைச் சாத்திவைத்திருந்தார்கள். கம்பி வழியாகத் தேவானந்தம் பேசினார்.

"சுவத்துல எழுதி ஆள் சேக்குறியா? சங்கம் ஆரம்பிக்கப் பாக்குறியா நீ? முதலாளி போலீஸுக்குச் சொல்றேன்னு நிக்கிறாரு. நேத்து வரைக்கும் நீ செத்ததால வேலை இல்ல. இன்னிக்கு நீ உயிரோட இருந்தாலும் இல்ல. போ!"

துரைராஜ் போனான். வீட்டுக்குப் போய் அந்தப் பழுப்புக் கட்டைத் தூக்கிவந்து கேட்டுக்கு நேராகப் போட்டு, அதன்மேல் சம்மணம் கொட்டி உட்கார்ந்தான். வெறுந்தரையில் உட்கார இடுப்பு கேட்காது.

"என் வேலை என் கைக்கு வராம இங்கேந்து எந்திரிக்க மாட்டேன்!"

மூட்டைக்காரர்கள் கூடினார்கள். மாரியும் வந்து நின்றான். அரை நாள் சம்பளம் எப்படியும் போய்விட்டது. இனி நண்பனாக இருப்பதில் நஷ்டமில்லை.

பச்சையம்மா ஒரு வழியாகப் போனில் பிடித்துத் திட்டிய திட்டில் முகிலன் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தான். போஸ்டர் அடித்த பிரஸ்காரர் ஜலாலையும், ஒட்டிய சவுரிமுத்துவையும் கையோடு கூட்டிவந்தான்.

"அண்ணா, சாரிண்ணா..."

"சாரியா? என் பொழப்பு போச்சுடா! பிரியாணிக்குப் படுத்தவனைப் பாடையிலயே வெச்சிட்டீங்களேடா! அந்தப் பிரியாணியாவது வந்துதா? பொணத்தையும் பட்டினி போட்ட பாவிங்கடா நீங்க!"

கேட்டுக்குள்ளிருந்து தேவானந்தம் கை காட்டினார். "எல்லாரும் கேளுங்க. தப்பு இவங்களோடதுன்னு இவங்களே வாயால சொல்லட்டும். துரைராஜை இந்த நிமிஷமே உள்ள விடறேன்."

"எங்க தப்பு இல்ல சார்," முகிலனுக்கு அழுகை வந்துவிட்டது. "அது ரெண்டு ஷீட்டு போஸ்டர் சார். மேல் ஷீட்ல அண்ணா போட்டோ, பேரு, தேதி. கீழ் ஷீட் பூராவும் 'திகில் குறும்படம், டிரெய்லர் வெளியீடு'ன்னு ரத்தக் கலர்ல போட்டிருந்தோம். பாதியை ஒட்டாம விட்டது இவருதான்!"

சவுரிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கொட்டகையில வந்து எடுத்துக்கோன்னீங்க. போனேன். ஒரே கட்டுதான் கெடந்துது. அதை ஒட்டினேன். படிச்சிப் பாத்து ஒட்ட நான் இன்னா வாத்தியாரா?"

"பொய் சொல்றான்!" துரைராஜ் தான் உட்கார்ந்திருந்த கட்டின்மேல் ஓங்கி அடித்தான். "பழைய பேப்பர் கடையில போட்டுக் குடிச்சிருப்பான்! அந்தக் கீழ் ஷீட்டை எடுத்தவன் எவனோ, அவன்தான்யா என்னைக் கொன்னவன்! அவனைக் கொண்டாந்து இங்க நிறுத்துங்க!"

"நிறுத்துங்க!" என்று மூட்டைக்காரர்கள் கத்தினார்கள்.

"நியாயமான பேச்சு," என்றார் தேவானந்தம். "எடுத்தவன் யாரோ அவன்தான் பொறுப்பு. அவன் ஜென்மத்துக்கும் இந்தக் கேட்டை மிதிக்கக் கூடாது."

"அப்பால என் பிரியாணி!" என்றான் துரைராஜ்.

பிரஸ்காரர் ஜலால் முன்னால் வந்து குனிந்தார். துரைராஜின் தொடைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த, தன் கையால் போட்ட பச்சைச் சணல் முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"துரைராஜண்ணே, பிரியாணி பாக்கியை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல கொஞ்சம் எந்திரிச்சி, நீங்க பாக்கி வெச்சிருக்கிற எங்க கீழ் ஷீட்டுக் கட்டைக் குடுங்க."