லீலாவதியைக் கண்டால் இருண்டுபோகும் கேமரா

"அப்ப வாத்து அதிசயம். கல்லு அதிசயம். நான் மட்டும் ஒண்ணுமில்ல. அதானே சொல்ல வரீங்க?"

"நான் எங்க லீலா சொன்னேன். கேமராதான்..."

"கேமராவுக்கு வாய் இருக்கா? உங்க வாயாலதானே சொன்னீங்க."

பக்கத்து வீட்டு முருகையன் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வார்த்தை தெளிவாகக் காதில் விழட்டும் என்று குழாயை மூடினார்.

சண்டைக்குக் காரணம் கைக்கு அடக்கமான ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா. குருநாதன் அதை வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் லேப் அசிஸ்டன்ட். வருகிற தை இருபதோடு கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். இத்தனை வருஷத்தில் மனைவியைத் தன் கையால் ஒரு போட்டோ எடுத்ததில்லை. அது உறுத்தப்போய், "உன்னை எடுக்கத்தான் வாங்குறேன்" என்று லீலாவதியிடம் சொல்லித்தான் வாங்கினார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் நந்தினி, "அப்பா எடுத்த போட்டோவ பெருசா பிரேம் போட்டு இங்கதான் மாட்டணும்" என்று போன தடவை வந்தபோதே ஹால் சுவரில் ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தாள்.

ஆணி இருந்தது. போட்டோதான் இல்லை.

அந்தக் கேமராவில் படத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். முதுகில் ஒரு ஸ்கிரீன். அதற்கு மேலே, கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்க ஒரு குட்டி சன்னல். பெரம்பலூரில் கேமராக் கடை வைத்திருக்கும் பூவிழி, விற்கும்போதே சொன்னாள்: "வெயில்ல ஸ்கிரீன் சரியா தெரியாது சார். கண்ணை வச்சுப் பாத்துப் பழகிக்குங்க."

குருநாதனுக்கு ஒற்றைக் கண்ணை மூட வராது. இடதை மூடினால் வலதும் சேர்ந்து மூடிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஸ்கிரீனை மேலே பார்க்கிற மாதிரி மடக்கி, வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை திருமானூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரிக்குப் போனார். விடிந்தும் விடியாத நேரம். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துகள் தண்ணீர் முழுக்க உட்கார்ந்திருந்தன. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வாத்து என்று அங்கிருந்த வாட்ச்மேன் சொன்னார். குருநாதனுக்குத் தன் மோட்டார் சைக்கிளில் திருமானூர் வந்ததே பெரிசாக இருந்தது. அப்போது எதற்கோ பயந்து கூட்டம் மொத்தமும் எழும்பியது. ஏரியே கழன்று மேலே போகிற மாதிரி ஒரு சத்தம். அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. ஸ்கிரீனில் ஒவ்வொரு இறகும் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த வாரம் சாத்தனூர்க் கல்மரம். பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் கடலோரம் நின்ற மரம், இன்றைக்குக் கல்லாகப் படுத்துக்கிடக்கிறது. அதன் பக்கத்தில் நின்றபோது தன் ஐம்பத்து மூன்று வயசு ஒரு தும்மல் அளவுக்குக்கூட இல்லை என்று தோன்றியது. அங்கேயும் நெஞ்சு அடைத்தது, ஸ்கிரீன் பளிச்சென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து, லுங்கியும் பனியனுமாகச் சாவகாசமாக நின்று, "லீலா, இப்படித் திரும்பு" என்றார்.

ஸ்கிரீன் இருண்டது.

பேட்டரியை மாற்றினார். இருட்டு. லென்ஸைத் துடைத்தார். இருட்டு. கேமராவை அணைத்துப் போட்டு வாசலில் நின்ற தென்னையைப் பார்த்தார். அதுவும் இருட்டுதான். இருட்டை எதற்குப் படம் எடுப்பது என்று பட்டனை அமுக்கவே இல்லை. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர், "எங்க, என்னை ஒண்ணு எடுங்க" என்றபோது, அவர் சட்டைப்பை பேனாவில் இருந்த கீறல்வரை தெரிந்தது.

குருநாதன் லேப்காரர். எதையும் மூன்று தடவை செய்து பார்க்காமல் நம்ப மாட்டார். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டார். தெரிந்தவை: வாத்து, கல்மரம், ஹெட்மாஸ்டர். தெரியாதவை: தென்னை, தண்ணீர்த்தொட்டி, லீலாவதி. ஒரு வாரம் யோசித்து, சாப்பிடும்போது முடிவைச் சொன்னார்:

"இது சாதாரண கேமரா இல்ல லீலா. பிரமிப்பா ஒண்ணப் பாத்தாதான் தொறக்குது."

அங்கேதான் ஆரம்பித்தது.

"உங்க ஹெட்மாஸ்டர் என்னா பிரமிப்பு?"

"அது எனக்கும் புரியலதான்."

"அந்த நோட்ட குடுங்க." வாங்கிப் பார்த்தாள். "தண்ணித்தொட்டிக்கு கீழ எழுதியிருக்கீங்க என்னை."

"அது வரிசைக்காக எழுதுனது."

"இருபத்தஞ்சு வருஷம் வடிச்சுக் கொட்டுனதுக்கு வரிசை."

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "கண்ணை வச்சுப் பாருங்க. ஒத்தக் கண்ணு மூட வரலன்னா நான் கட்டி விடுறேன்." கைக்குட்டையை நாலாக மடித்து இடது கண்ணில் கட்டிவிட்டாள். மேலத்தெருவிலிருந்து வந்த ராசாத்தி அதைப் பார்த்துவிட்டு, "ஆபரேசன் எப்பங்க பண்ணிக்கிட்டீங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் நாலு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து விசாரித்தார்கள்.

அவர்கள் போனபிறகு குட்டி சன்னலில் கண்ணை வைத்தார்.

"தெரியுறனா?"

பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "தெரியுற. ஆனா மங்கலா தெரியுற."

கைக்குட்டையை உருவிக்கொண்டு லீலாவதி உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கென்று அவள் தங்கை மலர்கொடி உடையார்பாளையத்திலிருந்து வந்தாள். மச்சினி வந்துவிட்டாளே என்று குருநாதன் பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"என்னா மாமா, கேமரா எல்லாம் தூள் பறக்குது. என்னை ஒண்ணு எடுங்க பாப்போம்."

"வேணாம் மலரு. இது சரியா..."

"எடுங்க," என்றது உள்ளேயிருந்து லீலாவதியின் குரல். அவளே வந்து ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள்.

மலர்கொடி மூக்குத்தியின் ஏழு கல்லும் எண்ணுகிற மாதிரி தெரிந்தன.

அன்றிரவு தட்டில் சோறு விழுந்த சத்தத்தை முருகையன் வீட்டிலும் கேட்டார்கள். "தை இருபதுக்கு நான் திருமானூருல அண்ணன் வூட்ல இருப்பேன். அந்த ஆணியில உங்க வாத்த மாட்டிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்து வெளியே வைத்தாள். குருநாதன் கெஞ்சிக் கெஞ்சி ஒரே ஒரு நாள் தவணை வாங்கினார்.

காலையில் இருவரும் பெரம்பலூர் பஸ் ஏறினார்கள். லீலாவதி சன்னல் ஓரம் உட்கார்ந்து, நடுவில் பையை வைத்துக்கொண்டாள்.

பூவிழி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணை வைக்கும் சன்னலின் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரத்தை லேசாக உருட்டினாள். "மங்கல் இதனாலதான். உங்க கண்ணாடி பவருக்குத் தக்க திருப்பிக்கணும். மத்தபடி கேமரா நல்லாத்தானே சார் இருக்கு. நீங்க எப்படிப் புடிப்பீங்க, காட்டுங்க."

குருநாதன் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்துப் பிடித்தார். பளிச். லீலாவதி பக்கம் திரும்பினார். இருட்டு.

"பாத்தியாம்மா? நீயே பாத்துக்க," என்றாள் லீலாவதி.

பூவிழி மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கேமராவைப் பார்க்காமல் குருநாதனைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலைக் குட்டி சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஸ்கிரீன் அணைந்தது. விரலை எடுத்தாள். எரிந்தது.

"இங்க ஒரு சென்சார் இருக்கு சார். கிட்டக்க எது வந்தாலும் கண்ணு வந்துருச்சுன்னு நெனச்சு ஸ்கிரீன அணைச்சிட்டு, படத்த இந்த சன்னலுக்குள்ள அனுப்பிரும். வந்தது கண்ணா, வேற எதாச்சுமான்னு அதுக்குத் தெரியாது."

குருநாதன் குனிந்து பார்த்தார். சென்சாருக்கும் அவருடைய நாலாவது சட்டைப் பட்டனுக்கும் நடுவே அரை விரல் இடைவெளிகூட இல்லை.

"வாத்து பறந்தப்ப மூச்ச இழுத்துப் புடிச்சிருப்பீங்க. வயிறு உள்ள போயிருக்கும். ஸ்கிரீன் எரிஞ்சிருக்கும்."

"அப்ப கேமரா மேல தப்பில்ல," என்றார் குருநாதன், நோட்டு வீணாகிவிட்ட வருத்தத்தோடு.

லீலாவதி விடுகிறதாக இல்லை. "சரி, வாத்துக்கு மூச்சு நின்னுது. கல்லுக்கு நின்னுது. என் தங்கச்சிக்கு எதுக்கு நின்னுது? அந்த ஹெட்மாஸ்டருக்கு எதுக்கு நின்னுது?"

குருநாதன் கேமரா வாரை முறுக்கினார். பூவிழிதான் சொன்னாள்:

"ஊருல எல்லாரு முன்னாடியும் சார் வயித்த எக்கிக்கிட்டுத்தான்க்கா நிக்கிறாரு. உங்க முன்னாடி மட்டும்தான் நிம்மதியா மூச்சு விடுறாரு."

லீலாவதி முந்தானையைச் சரிசெய்தாள். திருமானூருக்கென்று கட்டிய பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள்.

"இருட்டா இருக்கா?"

"இருட்டாத்தான் இருக்கு லீலா."

"இருக்கட்டும். அமுக்குங்க."

அந்தப் போட்டோதான் இப்போது ஆணியில் தொங்குகிறது. ஸ்கிரீன்தான் இருட்டு, படம் நன்றாகவே விழுந்திருக்கிறது. பார்க்காமல் எடுத்ததில் உச்சந்தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது, ஆனால் லீலாவதி அப்படிச் சிரித்துப் பக்கத்து வீட்டு முருகையனே பார்த்ததில்லை. அந்தச் சென்சாரை மெனுவில் போய் அணைத்துவிடலாம் என்று பூவிழி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அணைத்தால் ஸ்கிரீன் எப்போதும் எரியும், தலை வெட்டுப்படாது. லீலாவதி அணைக்கக் கூடாது என்கிறாள். குருநாதன் நோட்டில் இரண்டு பத்தி போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அணைக்கலாமா, வேண்டாமா? ஸ்கிரீன் பார்த்து எடுக்கிறவர்கள், கண்ணை வைத்து எடுக்கிறவர்கள், இரண்டு தரப்பும் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.