ஒரே கூரையின் இரண்டு சொட்டுகள்

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி, சக்கரத்தில் உருண்டு, கடைசியில் கடற்கரையோரம் ஓர் ஓலைக் குடிலில் வந்து நிறைவு பெற்றது. அந்தக் குடிலில் நான் தங்கியிருக்கிறேன் என்பதால் அடித்துச் சொல்ல முடியும்.

அங்கே மின்சாரம் இல்லை. 'இயற்கை ஒளி' உண்டு. குழாய் இல்லை, வாளியும் கிணறுமாக 'உடற்பயிற்சி' உண்டு. ஜன்னலுக்கு வெளியே கடல். மூடலாமென்றால் ஜன்னலுக்குக் கதவு கிடையாது. வாடகை மிக மலிவு. மறுநாளே கிளம்பலாம் என்றாள் என் மனைவி. நான் மறுத்தேன். கூரை ஒழுகும் விதம் எனக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியிருந்தது.

விளக்கிவிடுகிறேன். ஓலையைச் சரிவாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மழை உள்ளே வராமல் வழிந்தோடும். ஆபத்தெல்லாம் உச்சியில், இரண்டு சரிவுகளும் சந்திக்கிற இடத்தில்தான். அங்கே ஒரு மூடி வேண்டும். இங்கே அது காற்றில் போய்விட்டது. எனவே நீர் உச்சியிலுள்ள நீள மரத்தில் இறங்கி, இரு பக்கமும் ஓடி, பாரபட்சமில்லாமல் இரண்டு இடங்களில் சொட்டியது. ஒன்று என் தலையணை. மற்றொன்று சுவருக்கு அப்பால், விடுதிக்காரருடைய அக்காவின் அடுப்பு.

அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள் அவர்கள். தம்பி தன் பாதியை விடுதியாக்கினார். வலை பின்னும் அக்கா தன் பாதியில் இரண்டு மகள்களோடு குடியிருந்தார். அரசு தம்பியின் பாதிக்கு 'மாசுபடாத எளிமை விருது' கொடுக்க எண்ணியது. அக்காவின் பாதியை 'மனிதர் வாழத் தகுதியற்றது' என்று இடிக்க எண்ணியது. சிக்கனம் கருதி இரண்டுக்கும் ஒரே அதிகாரியை அனுப்பியது.

அதிகாரி முதலில் என் அறைக்கு வந்தார். சொட்டுக்கு அடியில் கண்ணை மூடி நின்றார்.

"இந்தச் சத்தத்தைக் கேளுங்க சார். டவுன்ல கிடைக்குமா?"

பிறகு சுவரைச் சுற்றி அடுத்த பாதிக்குப் போனார். அதே நீர் தோளில் விழுந்ததும் துள்ளி விலகினார். இதில் மனிதர் இருக்கலாமா, உடனே இடிக்க வேண்டும் என்று வருந்தினார்.

"பக்கத்து ரூம்லயும் இதே தண்ணிதானே சார் சொட்டுது?" என்றார் அக்கா.

"அது அனுபவம்மா. இது அவலம்."

அக்கா தம்பியைப் பார்த்தார். "டேய், உனக்கு வாய் இருக்கா இல்லையா?"

விருது கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், தம்பி கடலின் அழகை ரசித்துக்கொண்டிருந்தார்.

விளக்குகிற பழக்கம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அதிகாரியை வெளியே கூட்டிப்போய் உச்சி மரத்தைக் காட்டினேன். "ஒரே மரம் சார். அந்தப் பக்கம் இடிச்சா, விருதும் சேர்ந்து விழும்."

தம்பி கடலை விட்டுவிட்டு ஓடிவந்தார். அதிகாரி ஆழ்ந்து சிந்தித்தார். வீடுதான் ஒழுகக் கூடாது, விடுதி ஒழுகலாம் என்பது விதி. ஆகவே அக்காவின் பாதியும் இனி விடுதி. அப்படியானால் தானும் பிள்ளைகளும் எங்கே போவது என்று அக்கா கேட்டார்.

"எங்கயும் போகாதீங்க. விருந்தாளியா இருங்க."

ஒரு மூட்டை ஓலையும் ஒரு மதியப்பொழுதும் போதுமே, கூரையைச் சரிசெய்யக் கூடாதா என்றாள் என் மனைவி. விவரம் தெரியாதவள். சரிசெய்தால் விருது ரத்து என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார்.

விருந்தாளிகள் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தங்கக் கூடாது என்பதும் விதி. எனவே நாங்கள் கிளம்பிய அன்று அக்காவும் பிள்ளைகளோடு பையைத் தூக்கிக்கொண்டு 'கிளம்பினார்'. சாலை வரை வந்து திரும்பினால், தம்பி கைகூப்பி வரவேற்பார்.

வழியில் அக்கா, "உங்க வீடு ஒழுகுமா சார்?" என்று கேட்டார்.

"சேச்சே. கான்கிரீட்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"நிம்மதிக்கு."

"கிடைச்சுதா?"

"நிறைய," என்றேன் மனப்பூர்வமாக.

"அப்ப இனிமே வராதீங்க சார்," என்றார் அக்கா, பையைத் தோளில் மாற்றிக்கொண்டே. "நீங்கல்லாம் வர்றதை நிறுத்தினாத்தான் நாங்க மேல ஏறி அந்த மூடியைப் போட முடியும்."